கடனில்லாத பொங்கல்படி

கேள்வி: மகளுக்கு இது தலைப்பொங்கல். கார் நெல் கைகொடுக்கவில்லை. பொங்கல்படிக்கு வட்டிக்கு வாங்கலாமா, ஆட்டை விற்கலாமா?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: வட்டிக்கு வேண்டாம். மூன்று வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கினால் மாதம் 300 ரூபாய். அடுத்த பொங்கலுக்குள் வட்டியே 3,600 ரூபாய். முதல் அப்படியே நிற்கும்.

மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில் ஆட்டை விற்கலாம். ஆனால், கிடாவை மட்டும். ஈனும் பெட்டையை விற்றால் வரும் ஆண்டு வருமானமும் அதோடு போய்விடும். வீட்டிலேயே எடை பார்த்துக்கொண்டு போங்கள். அடிமாட்டு விலைக்குக் கேட்டால் மறுக்கத் தெம்பு வரும்.

மஞ்சள் குலை, வாழைத்தார், கிழங்கு வகைகளை வயலே தரும். இந்த ஆண்டு இல்லாவிட்டாலும், ஆடியில் சிறுகிழங்குக் கொடி நடுங்கள். ஐந்து மாதப் பயிர், தைக்குத் தோண்டிவிடலாம். ஆவணியில் பனங்கொட்டை பதித்தால் பனங்கிழங்கும் ஆயிற்று.

மகள் வீட்டில் ஆடு வளர்க்க இடமிருந்தால், பித்தளைப் பானைக்குப் பதில் ஒரு பெட்டைக் குட்டி கொடுக்கலாம். பானை பரணில் கிடக்கும், குட்டி பெருகும்.

சம்பந்தியிடம் முன்கூட்டியே நிலைமையைச் சொல்லிவிடுங்கள். அவர்களும் விவசாயக் குடும்பம் என்றால், அதே மழையை நம்பி விதைத்தவர்கள்தானே!