வண்ணப் பெட்டி கொல்லையிலேயே இருக்கிறது

கேள்வி: 'ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்குப் பள்ளியில் "உணவும் பானமும்" என்ற தலைப்பில் ஓவியத் திட்டப்பணி கொடுத்திருக்கிறார்கள். கடை வண்ணம் வாங்காமல் காய், பூ, இலைகளில் இருந்தே நிறம் எடுத்து வரைய முடியுமா? மாடியில் பத்துப் பன்னிரண்டு தொட்டிகள் உள்ளன. என்ன செடி வைக்கலாம்? சாப்பாட்டுப் பொருளைப் படம் வரைய வீணாக்குவது சரியா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள்.'

- ஒரு வாசகி, விம்கோ நகர், சென்னை.

பெரியவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். அரிசியையும் பருப்பையும் கொட்டிப் படம் செய்யத் தேவையில்லை. குப்பைக்குப் போகிற பொருளிலேயே நல்ல நிறம் இருக்கிறது. ஒரு கைப்பிடி வெங்காயச் சருகை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டவிட்டால் பொன்னிறச் சாயம் கிடைக்கும். அதில் துளிப் படிகாரம் சேர்த்தால் நிறம் எடுப்பாகும். மாதுளைத் தோல் மங்கிய மஞ்சள் தரும். வடிகட்டி எறிகிற டீத்தூளை இன்னொரு முறை கொதிக்க வைத்தால் பழுப்பு. நிறம் தாளில் பிடிப்பதற்குக் கருவேலம் பிசினை முந்தைய நாள் இரவே ஊறவைத்து, நாலு கரண்டிச் சாயத்துக்கு ஒரு கரண்டி கலந்தால் போதும். பிசின் கிடைக்காவிட்டால் சோறு வடித்த கஞ்சி. தாள் மட்டும் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும். நோட்டுப் புத்தகத் தாள் ஊறிக் கிழிந்துவிடும்.

அடுத்து மஞ்சள். குர்குமின் என்கிற நிறப்பொருள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. அதனால் மஞ்சள்தூளைத் தண்ணீரில் கலக்கினால் தூள் அடியில் தங்கிவிடும். பிசின் சேர்த்துக் குழைத்துத்தான் தீட்ட வேண்டும். அதே குழைவில் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு ஒரு பொட்டு சேர்த்தால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் நடப்பதும் இதுதான். காய்ந்த சிவப்பின் மேல் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வைத்தால் அந்த இடம் மறுபடி மஞ்சளாகும். ஒரே கிழங்கு, இரண்டு நிறம், நடுவில் விதவிதமான காவிகள். சுண்ணாம்பைப் பெரியவர் கையால் கலக்குவது நல்லது. கண்ணில் பட்டால் ஆபத்து.

மாடித் தொட்டிக்கு முதல் செடி சங்குப்பூ. விதையின் தோல் கடினமாக இருக்கும். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து ஊன்றினால் முளைப்பு நன்றாக இருக்கும். வெயில் படுகிற கைப்பிடிச் சுவரில் ஒரு கயிறு கட்டிவிட்டால் ஏறிக்கொள்ளும், இரண்டு மாதத்துக்குள் பூக்கத் தொடங்கிவிடும். அடுக்குப் பூ ரகம் என்றால் இதழ் அதிகம், சாயமும் அதிகம். பத்துப் பூவை அரை டம்ளர் வெந்நீரில் போட்டால் நல்ல நீலம் இறங்கும். அதைப் பாதியாகப் பிரித்து ஒன்றில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகிவிடும். மற்றதில் சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் பச்சைக்குப் போகும். சோடா போடாத நீரைத் தேன் கலந்து குடிக்கவும் செய்யலாம். தலைப்பில் உள்ள 'பானம்' அதிலேயே வந்துவிடுகிறது. இது பயறு வகைக் குடும்பச் செடி என்பதால் வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்க்கும். நிலம் உள்ளவர்கள் வேலியோரம் விட்டால் ஆடு மாட்டுக்குத் தீவனம். காய்ந்த பூவுக்கு நல்ல விலை என்று கேள்விப்பட்டு ஏக்கர் கணக்கில் போடத் துணிகிறவர்கள், வாங்குகிற ஆளை உறுதி செய்துகொண்ட பிறகு விதையைத் தொடுவது நல்லது. பூப்பறிக்கும் கூலியையும் கணக்கில் எழுத வேண்டும்.

கரிசலாங்கண்ணி இன்னொரு தொட்டியில் இருக்கட்டும். இலையைக் கசக்கினால் பச்சையாக வரும் சாறு சிறிது நேரத்தில் கருத்துவிடும். பீட்ரூட் எல்லோருக்கும் உடனே ஞாபகம் வருவது. ஆனால் அது ஏமாற்றும். முதல் நாள் சிவப்பு, வெயில் பட்டால் சில நாளில் பழுப்பு. மஞ்சளும் வெயிலில் வெளுக்கும். இதைக் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு நிறத்தையும் ஒரு நீளத் தாள் துண்டில் தீட்டி, பாதியைப் புத்தகத்துக்குள்ளும் பாதியைச் சன்னல் வெயிலிலும் ஒரு வாரம் வைத்து, அந்தத் துண்டுகளையே படத்தின் ஓரத்தில் ஒட்டிவிடலாம். ஆசிரியர் கேட்டால் பதில் சொல்லப் பெண்ணுக்கும் விஷயம் இருக்கும்.

நிலைத்து நிற்கிற கறுப்பு வேண்டுமானால் கலம்காரிக்காரர்களின் வழி உண்டு. துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு சாயம் பரவாமல் தடுக்கிறது. பழைய இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாள் ஊறவிட்டு எடுத்த கரைசலால் அந்தத் துணியில் கோடு இழுத்தால், கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுப்பாகிறது. கும்பகோணம் பக்கத்துக் கருப்பூர் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பால், கடுக்காய், வெல்லம் என்று பார்த்தால் பாதிச் சரக்கு சமையலறைச் சரக்கு. வீட்டில் சுருக்கமாகச் செய்ய, துருப்பிடித்த நாலு ஆணியை வினிகரில் போட்டு மூடியை இறுக்காமல் ஐந்து நாள் வைத்து, அந்த நீரில் சில துளியைக் கெட்டியான டீ டிகாஷனில் விட்டால் மைபோலக் கறுக்கும். இதை வாயில் வைக்கக் கூடாது, பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டிவைக்க வேண்டும்.

விம்கோ நகர்ப் பெண்ணுக்கு இது வெளியூர்க் கதையும் இல்லை. மெட்ரோவில் தெற்கே சில நிறுத்தம் போனால் காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையின் கவர்னராக இருந்த ஜோசப் காலட், நெசவாளர்களைக் குடியமர்த்த ஏற்படுத்திய 'காலட் பேட்டை'தான் வாய்வழக்கில் காலடிப்பேட்டையானது. அதற்கும் தெற்கே வண்ணாரப்பேட்டை, கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம். அந்தக் காலத்துச் சோழமண்டலக் கரைத் துணிகளுக்குச் சிவப்பு தந்தது சாயவேர், அதாவது இம்பூறல். மணற்பாங்கான கடலோரத்தில் தானாக வளரும் சின்னச் செடி அது. தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரைத் தாங்கி நிற்கிற ஊருக்குப் பக்கத்தில், செடியும் வேரும் சாயமும் ஒரு பெரிய தொழிலாக இருந்திருக்கின்றன.

இனி எதை வரைவது என்பது. ஆப்பிளும் திராட்சையும் எல்லாப் பிள்ளைகளும் வரைவார்கள். அவை இரண்டுமே விம்கோ நகரின் சாப்பாடு அல்ல. வீட்டில் ஒரு நாள் முழுக்க உண்டதும் குடித்ததும் ஒரு தட்டில் வரட்டும். காலை இட்லி, பகல் மீன் குழம்பு, சாயங்காலம் டீ, நடுவில் கேழ்வரகுக் கூழோ மோரோ. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அது வந்த மண்ணைச் சின்னதாக வரையலாம். பள்ளியில் சாப்பிடுகிற பிள்ளை என்றால் அந்தத் தட்டும் வேண்டும். சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது 1920-ல். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. இன்று அந்தத் தட்டில் விழும் சோறு, தஞ்சாவூர்ப் பக்கம் யாரோ ஒரு விவசாயி கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாயைப் போட்டு மழைக்குப் பயந்து காத்திருந்து விற்ற நெல்லாக இருக்கலாம்.

தண்ணீர் டம்ளரை மறக்க வேண்டாம். மீஞ்சூர் வட்டாரத்தில் பல ஆண்டுகள் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல் உள்ளே ஏறியது, இனித்த கிணறுகள் உப்பாயின. பயிர் வைத்தவர்களுக்கு அதன் வலி தெரியும். பிறகு காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-ல் வந்தது. வடசென்னைக் குழாய்களில் அந்தத் தண்ணீரும் வருகிறது. கடலுக்குக் கிணற்றைக் கொடுத்துவிட்டு, கடலையே சுத்திகரித்துக் குடிக்கிற கதை ஒரு டம்ளருக்குள் இருக்கிறது. மீனை வரைகிற பெண், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தையும் வரையலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பரவியபோது மீனவர்கள் வாளியாலும் மக்காலும் அதை அள்ளினார்கள். அந்தக் கறுப்புக்கு ஆணி டிகாஷன் பொருத்தமாக இருக்கும்.

மாடித் தொட்டிக்கான மண் விஷயத்தில் கவனம் வேண்டும். அந்தப் பகுதியில் கழிமுகக் கரை மண், தொழிற்சாலை ஒட்டிய காலிமனை மண், சாம்பல் கலந்த மண் எதையும் இலவசமாகக் கிடைக்கிறது என்று தொட்டியில் நிரப்பக் கூடாது. கன உலோகங்கள் இருந்தால் கீரை அதை உறிஞ்சும். வெளியில் இருந்து வாங்கிய செம்மண், மக்கிய தொழு உரம், தென்னைநார்க் கழிவு ஆகியவை சம அளவில் போதும். இலைமேல் படியும் தூசியைச் சாறெடுக்கும் முன்பும் சமைக்கும் முன்பும் இரண்டு முறை கழுவ வேண்டும்.

தானிய ஒட்டுப்படம் செய்வதென்றால் கேழ்வரகு, தினை, கம்பு, உளுந்து என்று ஒரு கைப்பிடிக்குள் முடித்துக்கொள்ளலாம். வண்டடித்து ஒதுக்கிய தானியமே போதும். வெயிலில் நன்றாகக் காயவைத்து ஒட்ட வேண்டும். இங்கேதான் கிராமத்தில் இருக்கிற உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. விதைத்தது போக பாக்கெட்டில் மிஞ்சிய மக்காச்சோளம், பருத்தி, காய்கறி விதைகள் ரோஸ், நீலம், பச்சை என்று அழகழகாக இருக்கும். 'பிள்ளை படம் ஒட்டட்டும்' என்று பையில் போட்டுக் கொடுத்துவிடக் கூடாது. அந்த நிறம் பூஞ்சணக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் பூசிய விதை என்பதற்கான எச்சரிக்கை. ஆளும் மாடும் கோழியும் தின்றுவிடக் கூடாது என்பதற்காகவே நிறம் ஏற்றுகிறார்கள். பிள்ளைக்கோ அது வெறும் வண்ணமணி. வீட்டில் மிஞ்சிய நேர்த்தி விதையைப் பூட்டி வைக்க வேண்டும், சமையலறை அலமாரியில் வைக்கவே கூடாது.

இதே கண்ணோடு தின்பண்டத்தின் நிறத்தையும் பார்க்கப் பழக்கலாம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை வந்தது. ஆய்வில் ரோடமின்-பி இருந்ததே காரணம். அது துணிக்கும் தோலுக்கும் போடும் சாயம், உணவில் அனுமதி இல்லாதது. பீட்ரூட்டை வேகவைத்துப் படம் தீட்டிய பிள்ளைக்கு, காயில் இருந்து வரும் சிவப்பு எப்படி இருக்கும், எத்தனை நாள் தாங்கும் என்று தெரியும். அத்தனை பளிச்சென்ற ரோஸ் எங்கிருந்து வந்தது என்று அவளே கேட்பாள்.

மஞ்சளிலும் இந்த வம்பு உண்டு. கடைத் தூளை ஒரு கரண்டி எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் தூவி அசைக்காமல் வைத்தால், நல்ல தூள் மெதுவாக அடியில் இறங்கும், மேல் நீர் வெளிர் மஞ்சளாக இருக்கும். செயற்கைச் சாயம் கலந்திருந்தால் நீர் முழுக்க அடர் மஞ்சளாகிவிடும். லெட் குரோமேட் என்ற ஈயக் கலப்புச் சாயத்தால் மஞ்சளுக்கு மெருகேற்றுகிற மோசடி பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பளபளப்புக்கும் குர்குமின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. இருந்தும் வாங்குகிறவர் பளபளப்பைத்தான் கேட்கிறார், கலப்படக்காரர் அதைக் கொடுக்கிறார், சாயம் போடாமல் வேகவைத்துக் காயவைத்துக் கொண்டுவந்த விவசாயியின் மங்கல் மஞ்சளுக்கு விலை குறைத்துக் கேட்கிறார்கள். விதைக்கிழங்குக்கும், ஒன்பது மாதத் தண்ணீருக்கும், வேகவைத்த விறகுக்கும் செலவு செய்தவர் நிற்கிற இடம் அது. எனவே திட்டப்பணிக்கு வாங்கும் மஞ்சள் விரலியாகவே இருக்கட்டும். வீட்டில் இடித்துச் சலித்த தூளையும் கடைத் தூளையும் இரண்டு கட்டமாகத் தீட்டிப் பக்கத்தில் பக்கத்தில் காட்டலாம்.

எடுத்த சாயங்கள் குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும், அதற்கு மேல் புளித்துவிடும். எனவே படத்தின் கோடுகளை முன்கூட்டியே போட்டுவிட்டு, சாயம் காய்ச்சுவதைக் கடைசி வார விடுமுறைக்கு வைத்துக்கொள்வது வசதி. ஒரு நிறம் காய்ந்த பிறகே அடுத்தது. மழைக்காலத்தில் பிசின் பூசிய தாளில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் நிழலில் காற்றாட இரண்டு நாள் விட வேண்டும். மிஞ்சிய சருகும் பூவும் டீத்தூளும் தொட்டிக்கே உரமாகப் போகலாம். சுண்ணாம்பு, படிகாரம், ஆணி நீர் கலந்ததை மட்டும் செடிக்கு ஊற்ற வேண்டாம்.