யாரோ காத்திருக்கும் அதிகாலை

2007-ம் ஆண்டு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம். ஆன் மாலம் என்ற 26 வயதுப் பெண்ணுக்குத் தினமும் விடிவதற்கு முன்பே ஓடக் கிளம்பும் பழக்கம். அவர் ஓடும் பாதையில், வைன் தெருவை ஒட்டிய 13-வது தெருவில், வீடில்லாதவர்கள் தங்கும் பழைமையான விடுதி ஒன்று இருந்தது. 1878-ல் தொடங்கப்பட்ட ‘சண்டே பிரேக்ஃபாஸ்ட்’ விடுதி அது.

வாசலில் நின்றுகொண்டிருக்கும் ஆண்கள் அவரைப் பார்த்துக் கையசைப்பார்கள். அவரும் கையசைப்பார். நாள்கள் செல்லச் செல்ல அது வணக்கமானது. வணக்கம் கிண்டலும் சிரிப்புமானது. ஒருநாள் ஆனுக்கு உறைத்தது. தான் தினமும் ஓடிக் கடந்து போகிறோம். அவர்களோ நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள்!

நம்மில் பலர் அந்த எண்ணத்தோடு வீட்டுக்கு வந்து காபி குடித்திருப்போம். ஆன் விடுதிக்குப் போன் செய்தார். ‘இங்கே ஓட்டக் குழு ஒன்று தொடங்கலாமா?’ என்று கேட்டார். ஷூக்களுக்கு நன்கொடை திரட்டினார். அந்த ஆண்டு ஜூலை 3-ம் தேதி காலை, விடுதியில் தங்கியிருந்த 9 ஆண்கள் அவரோடு ஓடினார்கள். ‘பேக் ஆன் மை ஃபீட்’ அமைப்பு பிறந்தது இப்படித்தான். ‘மறுபடியும் சொந்தக் காலில்’ என்று அதற்குப் பொருள் சொல்லலாம்.

ஆனுக்கு இதில் சொந்தக் காயமும் உண்டு. அவருடைய அப்பா சூதாட்டத்துக்கு அடிமையானவர். ஆனின் 16 வயதில் அந்த உண்மை வெளிப்பட, குடும்பம் நிலைகுலைந்தது. அப்போது அவருக்குப் பிடிமானமாக இருந்தது ஓட்டம். அப்பாவுக்குச் செய்ய முடியாததை, அப்பா வயதில் இருந்த அந்த மனிதர்களுக்குச் செய்ய நினைத்தார்.

ஷூ கணக்கு, வருகைக் கணக்கு

வீடில்லாதவருக்குத் தேவை வீடு. அதற்கு எதற்கு ஓட்டம்? யாருக்கும் முதலில் எழும் கேள்வி இதுதான். அமைப்பு செயல்படும் விதத்தைப் பார்த்தால் பதில் கொஞ்சம் புரியும்.

திங்கள், புதன், வெள்ளி என வாரத்தில் மூன்று நாள்கள், விடியும் நேரத்தில் ஓட்டம். விடுதியில் தங்கியிருப்பவர்களோடு, நகரத்தில் வேலை பார்க்கும் தன்னார்வலர்களும் வந்துவிடுவார்கள். ஓட்டத்துக்கு முன் எல்லோரும் வட்டமாக நின்று, தோளில் கைபோட்டுப் பிரார்த்தனை சொல்வார்கள். ஒருவரையொருவர் அணைத்துக்கொள்வார்கள். பிறகு அவரவர் வேகத்தில் ஓட்டம். ஓட முடியாதவர் நடக்கலாம். முந்த வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

கட்டாயம் ஒன்றே ஒன்று: வர வேண்டும்!

முதல் 30 நாள்களில் 90 சதவிகித வருகை இருந்தால்தான் அடுத்த கட்டம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் மூன்று என்றால் 30 நாள்களில் சுமார் 13 ஓட்டங்கள். அதில் ஒரு நாள் தவறலாம். இரண்டாவது நாள் தவறினால் சதவிகிதம் இறங்கிவிடும். குளிரும் மழையும் விடுப்புக்குக் காரணமாகாது.

இந்தப் படியைத் தாண்டியவர்களுக்கு வேலைக்கான பயிற்சி, விண்ணப்பம் எழுத உதவி, படிப்பு, வீடு தேட வழிகாட்டுதல், சிறு பண உதவி எனக் கதவுகள் திறக்கும்.

அந்த வருகைப் பதிவுக்கு இவ்வளவு மதிப்பு ஏன்? வீடில்லாதவர் வேலை கேட்டுப் போனால், முகவரி கேட்பார்கள், இல்லை. முன்பு வேலை பார்த்த இடம் கேட்பார்கள். அதில் சில வருட இடைவெளி இருக்கும். ‘இவரை நம்பலாம்’ என்று சொல்ல ஓர் ஆள் கேட்பார்கள், அதுவும் இருக்காது. முகவரி இல்லாததால் வேலை இல்லை, வேலை இல்லாததால் முகவரி இல்லை. இந்தச் சுழலில், ‘ஒரு மாதம் விடியற்காலையில் தவறாமல் வந்து நின்றார்’ என்பது கையில் காட்டக்கூடிய சாட்சி. வேலை கொடுப்பவருக்கும் அது புரியும்.

ஆகவே, இப்படிப்பட்ட அமைப்பின் ஆண்டுத் திட்டம் எத்தனை கிலோமீட்டர் என்பதோடு முடிந்துவிடாது. முதலில் ஷூ. நாளுக்கு 5 கி.மீ., வாரம் மூன்று நாள்கள் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 780 கி.மீ. நல்ல ஓட்ட ஷூ 500 முதல் 800 கி.மீ. வரை உழைக்கும். ஆக, ஒருவர் ஆண்டு முழுக்க ஓடினால் ஒரு ஜோடி தேய்ந்தே போகும். அடுத்து, எந்தெந்த விடுதிகளோடு சேர்ந்து வேலை செய்வது, எந்த நிறுவனங்கள் இவர்களுக்கு வேலை தர முன்வரும், விடியற்காலையில் எழுந்து வர எத்தனை தன்னார்வலர்கள் கிடைப்பார்கள் என்று பட்டியல் நீளும்.

பிறகு, பந்தயங்கள். ஃபிலடெல்ஃபியாவில் ‘பிராட் ஸ்ட்ரீட் ரன்’ என்ற 10 மைல் ஓட்டம் புகழ்பெற்றது. நகரின் வடக்கிலிருந்து தெற்கே கடற்படைத் தளம் இருந்த பகுதி வரை, ஒரே சாலையில் ஆயிரக்கணக்கானோர் ஓடுவார்கள். நவம்பரில் மாரத்தான். விடுதிவாசி ஒருவருக்கு இந்தத் தேதிகள் பெரிய விஷயம். ‘இன்றிரவு எங்கே படுப்பது’ என்பதற்கு மேல் யோசிக்காமல் வருடங்களை ஓட்டியவருக்கு, நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தான் எங்கே இருக்கப் போகிறோம் என்பது தெரிந்துவிடுகிறது.

ஓட்டத்தாலும் அமைப்புக்குப் பணம் வருகிறது. சிகாகோ, நியூயார்க் போன்ற பெரிய மாரத்தான்களில், தொண்டு அமைப்புகளுக்காக நிதி திரட்டித் தருபவர்களுக்கு ஓட இடம் கிடைக்கும். அப்படி ஓடுபவர்கள் உறவினர், நண்பர்களிடம் திரட்டும் தொகை, விடுதியில் இருப்பவரின் ஷூவாகவும் பயிற்சியாகவும் மாறுகிறது.

நீதிபதியும் ஓடுகிறார்

இந்த எண்ணம் ஒரே ஊரோடு நிற்கவில்லை. பால்டிமோர், வாஷிங்டன், பாஸ்டன், சிகாகோ, டல்லஸ் எனப் ‘பேக் ஆன் மை ஃபீட்’ கிளைகள் பரவின. 2013-ல் ஆன் பொறுப்பை விட்டு விலகி, வாஷிங்டனில் சொந்தமாக உடற்பயிற்சி நிறுவனம் தொடங்கினார். அதன் பிறகும் குழுக்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. தொடங்கியவர் போன பிறகும் நிற்காததே நல்ல திட்டத்துக்கு அடையாளம்.

லாஸ் ஏஞ்சலஸில் கதை வேறு மாதிரி. அங்கே ‘ஸ்கிட் ரோ’ என்ற பகுதி, நடைபாதையில் வாழும் மனிதர்களுக்குப் பெயர் போனது. கிரெய்க் மிட்செல் என்ற நீதிபதி சிறைக்கு அனுப்பிய ஒருவர், விடுதலையானதும் அவரைத் தேடி வந்தார். தான் தங்கியிருந்த ‘மிட்நைட் மிஷன்’ விடுதிக்கு வரும்படி அழைத்தார். போன நீதிபதி, 2012-ல் அங்கே ஓட்டக் குழு தொடங்கினார். நீதிமன்றத்துக்குப் போகும் முன், போதையிலிருந்து மீண்டு வருபவர்களோடு விடியற்காலையில் தெருவில் ஓடினார். அந்தக் குழுவினரை கானா நாட்டின் அக்ரா, இத்தாலியின் ரோம் மாரத்தான்கள் வரை அழைத்துப் போயிருக்கிறார். ‘ஸ்கிட் ரோ மாரத்தான்’ என்ற ஆவணப்படம் இவர்களைப் பற்றியதுதான்.

ஓட்டத்தால் தீராதது

இதையெல்லாம் படித்ததும் ‘எல்லோரும் ஓடினால் பிரச்னை தீர்ந்தது’ என்று தோன்றலாம். தீராது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஜனவரி மாதக் கடைசியில், ஓர் இரவில் வீடில்லாதவர்களைக் கணக்கெடுக்கிறார்கள். 2024 ஜனவரியில் அந்த எண்ணிக்கை 7,71,480. ஏறிக்கொண்டே போகும் வாடகையை ஓடிப் பிடிக்க யாராலும் முடியாது.

இன்னொரு வாதமும் உண்டு. 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் ‘முதலில் வீடு’ என்ற முறையைத் தொடங்கினார். ‘குடியை விடு, வேலைக்குப் போ, பிறகு வீடு’ என்று நிபந்தனை போடாதீர்கள். முதலில் சாவியைக் கொடுங்கள், மற்றவை பின்னால் வரும் என்றார். அந்தக் கண்ணோடு பார்த்தால், 90 சதவிகித வருகை என்பதும் ஒரு நிபந்தனைதான். நோயாளியால் வர முடியாது. இரவு ஷிஃப்ட் பார்ப்பவரால் முடியாது. கைக்குழந்தையோடு தவிக்கும் தாயாலும் முடியாது. ஓட்டக் குழுக்கள் எட்டுவது, ஏற்கெனவே விடுதிக்குள் வந்து, மாற வேண்டும் என்று முடிவெடுத்தவர்களை மட்டும்தான்.

இது நியாயமான குறை. ஆனால், சாவி கிடைத்த பிறகு என்ன ஆகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். பல வருடங்கள் கூட்டத்தோடு விடுதியில் படுத்தவர், திடீரென்று நான்கு சுவர்களுக்குள் தனியாக இருக்கிறார். பேச ஆளில்லை. பழைய நண்பர்களைக் கூப்பிட்டால், பழைய பழக்கமும் கூடவே வரும். வீட்டை வாங்கிக் கொடுக்க அரசாங்கத்தால் முடியும். காலையில் ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்க ஓர் ஆளை அரசாங்கத்தால் ஏற்பாடு செய்ய முடியாது. வேலையும் வீடும் கிடைத்த பிறகும் பலர் அந்த வட்டத்துக்குத் திரும்பி வருவது இதனால்தான். நேற்று உதவி பெற்றவர், இன்று புதிதாக வந்தவரின் பக்கத்தில் மெதுவாக ஓடுகிறார்.

வீடும் வேண்டும், காத்திருக்க யாராவதும் வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை மறந்தால், பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

ஆன் தினமும் கடந்துபோன அந்த 13-வது தெரு மாதிரி, நாம் தினமும் கடந்துபோகும் தெரு ஒன்று எல்லோருக்கும் இருக்கும். அங்கே வழக்கமாக உட்கார்ந்திருக்கும் ஒருவர், நாளைக்குக் காணவில்லை என்றால் நமக்குத் தெரியுமா? அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். முதலில் ஒரு வணக்கம். ஓட்டமெல்லாம் அப்புறம்.