கூண்டில் ஏறியது யார்?

இங்கிலாந்தின் தென்கரை ஊர்களில் சாக்கடை நீரைச் சுத்திகரிப்பது சதர்ன் வாட்டர் என்ற தனியார் கம்பெனி. 2021 ஜூலையில் கேன்டர்பரி நீதிமன்றம் அதற்கு 9 கோடி பவுன் அபராதம் விதித்தது. நம் கணக்கில் சுமார் 900 கோடி ரூபாய்! 2010 முதல் 2015 வரை 17 நிலையங்களிலிருந்து 6,971 தடவை சட்டவிரோதமாகக் கழிவைத் திறந்துவிட்டதாக வழக்கு. குற்றத்தைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. கடலில் கலந்த கழிவு குறைந்தது 1,600 கோடி லிட்டர்.

இது விபத்தா? இல்லை. சாக்கடை நீரில் கசடைப் படியவைத்து, அழுக்கை நீக்கி, பிறகே கடலில் விட வேண்டும். பெருமழையில் மிஞ்சும் நீரைத் தாங்கத் தனித் தொட்டிகள் உண்டு. மழை ஓய்ந்ததும் அதையும் சுத்திகரிக்க வேண்டும். இதற்கு இயந்திரம் வேண்டும், மின்சாரம் வேண்டும், ஆள் வேண்டும். கம்பெனியோ செலவை மிச்சம் பிடித்தது. தொட்டிகளை நிரப்பியே வைத்து, அழுகிய நீரைக் கடலுக்குத் திறந்தது. அதிகாரிகளுக்குப் பொய்க் கணக்குக் காட்டியது.

நஷ்டம் யாருக்கு? வடக்கு கென்ட் கரையில் சிப்பி எடுத்துப் பிழைக்கும் உழைப்பாளிகளுக்கு. சிப்பி கடல்நீரை வடிகட்டித்தான் இரை எடுக்கிறது. கிருமியும் அதன் உடம்பில் தங்கிவிடுகிறது. நீர் கெட்டால் சிப்பிக்கு விலை இல்லை. சிப்பிக்காரன் வீட்டில் அடுப்பு எரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2019-ல் அக்கம்பெனியின் 5 ஊழியர்கள் கூண்டில் நின்றார்கள். சோதனைக்கு வந்த அதிகாரிகளைத் தடுத்த குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார்கள். ஆவணங்களைத் தர வேண்டாமெனக் கம்பெனி வக்கீல்களே சொன்னார்கள் என்பது அவர்கள் வாதம். 2021 வழக்கிலோ குற்றவாளி கம்பெனி என்ற பெயர்ப் பலகை மட்டுமே. இயக்குநர் எவரும் கூண்டில் ஏறவில்லை. சம்பளக்காரனுக்குத் தண்டனை, முதலாளிக்கு அபராத ரசீது! இதுதான் முதலாளித்துவ நீதி.

இதன் வேர் எங்கே? 1989-ல் தாட்சர் சர்க்கார் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் தண்ணீரையும் சாக்கடையையும் தனியாரிடம் விற்றது. தண்ணீருக்கு இன்னொரு கடை கிடையாது. குழாய் ஒன்று, எஜமானனும் ஒருவன். போட்டி வரும், சேவை பெருகும் என்றது வெறும் பேச்சு. 2024 டிசம்பரில், இதே கம்பெனி 5 ஆண்டுகளில் கட்டணத்தை 53 சதவீதம் உயர்த்த அனுமதி கிடைத்தது. குழாயைச் சீர்செய்யப் பணம் வேண்டுமாம்! முன்பு மிச்சம் பிடித்ததன் பாக்கியை இன்று ஜனங்கள் கட்டுகிறார்கள்.

அது சீமைக் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. 2018-ல் கோவை மாநகராட்சி தண்ணீர் விநியோகத்தை 26 வருஷத்துக்கு ஒரு பிரெஞ்சுக் கம்பெனியிடம் ஒப்படைக்க ஒப்பந்தம் போட்டது. ஆலைத் தொழிலாளி குடிக்கும் தண்ணீரும் வியாபாரச் சரக்காகிறது.

சர்க்கார் நடத்தினாலே சாக்கடை தானாகச் சுத்தமாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. நம் ஊர்களின் ஆறுகளே அதற்குச் சாட்சி. ஆனால் நகராட்சியின் கணக்கை வார்டு ஜனங்கள் கேட்கலாம். கவுன்சிலரைத் தேர்தலில் வீழ்த்தலாம். கம்பெனிக் கணக்கைக் கேட்க யாருக்கு உரிமை?

ஆகவே தண்ணீரும் சாக்கடையும் பொதுச் சொத்தாகவே இருக்க வேண்டும். சோதனைக் கணக்கு ஜனங்கள் பார்வைக்கு வர வேண்டும். உண்மையைச் சொல்லும் ஊழியனுக்குப் பாதுகாப்பு வேண்டும். உத்தரவு போட்டவனைக் கூண்டில் ஏற்றச் சட்டம் வேண்டும். தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் மீனவர்களும் ஒன்றுபட்டுக் கேட்டால், இவற்றை மறுக்க எந்தச் சர்க்காராலும் முடியாது.