வந்தது ஏலியன் இல்லை மக்கா, 6.14

"ஐ.நா. உஷார்! பூமியைக் காக்கும் படை தயார்!" என்று சிவப்பு எழுத்து, பின்னால் திகில் மியூசிக். 3ஐ/அட்லஸ் என்ற வால்நட்சத்திரத்தை வைத்து 2025 கடைசியில் யூடியூபில் அடித்த ஜல்லி இருக்கே, தாங்கல சாமி.

அந்த "உஷார்" என்ன தெரியுமா? சர்வதேச சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்பு நவம்பர் 27 முதல் 2026 ஜனவரி 27 வரை நடத்திய ஒரு பயிற்சி. வால்நட்சத்திரம் வானத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சரியாக அளக்கப் பழகுவது. அவ்வளவுதான். பூமிக்கு மிகக் கிட்டே வந்த டிசம்பர் 19-லேயே அது 27 கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் போனது.

ஆனால் அந்த அளவெடுப்பு லேசுப்பட்ட வேலை இல்லை. சிறுகோள் படத்தில் ஒரு புள்ளி. வால்நட்சத்திரமோ பஞ்சு மாதிரி மங்கல். அந்தப் பஞ்சுக்குள் கரு எங்கே? தூசி ஒரு பக்கமாக இழுத்தால் நாம் வைக்கிற நடுப்புள்ளியும் அந்தப் பக்கம் நகர்ந்துவிடும், கூடவே பாதைக் கணக்கும் கோணும்.

2025 ஜூலை 1-ல் சிலியில் இருக்கும் அட்லஸ் தொலைநோக்கி இதைப் பிடித்தபோது ஒளி அளவு சுமார் 18. வெறும் கண்ணுக்கு எல்லை 6. அதாவது நம் கண்ணுக்குத் தெரிகிற கடைசி நட்சத்திரத்தைவிட அறுபதாயிரம் மடங்கு மங்கல்! ஒரு ராத்திரிப் படத்தை வைத்துப் பாதை போட முடியாது. சின்னத் துண்டுக்கு எந்த வளைவும் பொருந்தும். அதனால் ஜூன் 14 வரை பழைய படங்களைத் தோண்டி எடுத்தார்கள். கிடைத்த மையத்தொலைத் தகவு 6.14.

இந்த வார்த்தையைப் பிளஸ் டூவில் நெட்டுரு போட்டோமே, ஞாபகம் இருக்கா? ஒன்றுக்கு மேலே போனால் அதிபரவளையம். கணக்கைப் போடு, மார்க்கை வாங்கு. அப்படிப் போகிற ஒன்று திரும்பி வரவே வராது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஒன்றைத் தாண்டியதெல்லாம் வெளியூர் சரக்கும் இல்லை. போவெல் வால்நட்சத்திரம் நம்ம வீட்டுப் பிள்ளைதான். 1980-ல் வியாழன் பக்கம் போய், அது தள்ளிய தள்ளில் 1.057 ஆனது. 2019-ல் வந்த போரிசோவ் 3.36. வியாழன் என்ன முக்கினாலும் 6.14 வராது. வேறு ஏதோ சூரியனிடம் பிறந்த பனிக்கட்டி நம் தெருவைக் கடந்து போகிறது. இதைவிடப் பெரிய சமாச்சாரம் வேண்டுமா?

ஹார்வர்ட் பேராசிரியர் அவி லோப் "விண்கலமாக இருக்கலாம்" என்றார். கேட்கட்டும், கேட்பது தப்பில்லை. நம்ம ஆட்கள் "இருக்கலாம்" என்பதை மட்டும் வெட்டிவிட்டார்கள். அதே நவம்பரில், 12 முதல் 15 வரை, அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தார் மவுண்ட் அபுவின் 1.2 மீட்டர் தொலைநோக்கியில் இதைப் பார்த்து, நிறமாலையும் எடுத்து, வழக்கமான வால்நட்சத்திர வாயுக்கள்தான் என்று அறிவித்தார்கள். அதற்கு எத்தனை சேனல் திகில் மியூசிக் போட்டது?

நானும் ஒரு விடியக்காலை பைனாகுலரோடு மண்டைக்காட்டுக் கடற்கரைக்குப் போனேன். கிழக்கே தென்னை, அதற்கு மேல் ஹைமாஸ் வெளிச்சம். வலை இழுக்க வந்த ஒருத்தர் கேட்டார், "என்னத்தடே பாக்குக?"

"வால்நட்சத்திரம் மாமா."

"தெரியுதா?"

"இல்ல மாமா, ஒண்ணும் தெரியல."