பாகல் வற்றலும் பூச்சி மருந்தும்

நம் கவிதைகளில் தேனீக்குப் பஞ்சமே இல்லை. தமிழே தேன் என்போம். ஆனால் நான்காம் மாடித் தாழ்வாரத்துக் குழாயில் ஒரு தேனீக் கூட்டம் வந்து உட்கார்ந்தால், புளோக் வாட்ஸ்அப் குழுவில் விழும் முதல் வரி என்ன? "பெஸ்ட் கன்ட்ரோலைக் கூப்பிடுங்க." போன மாதம் எங்கள் புளோக்கில் அதுதான் நடந்தது. கால்மணி நேர வேலை. செத்து விழுந்ததைக் கறுப்புப் பையில் அள்ளிக்கொண்டு போனார்கள். நானும் அந்தக் குழுவில் இருந்தேன். ஒரு வார்த்தை எழுதவில்லை.

குளிர்நாட்டுத் தேனீ இலையுதிர் காலத்துக்குள் தேனைச் சேர்த்துவைத்து, பனிக்காலம் முழுக்க அதைத் தின்று பிழைக்கும். நமக்கு அந்தப் பருவங்கள் கிடையாது. ஊரில் அடுக்குத் தேனீ என்கிறோமே, அதே இனம்தான் சிங்கப்பூரிலும் இருக்கிறது. பூ குறைந்தால் அது கூட்டையே விட்டுவிட்டு இடம் மாறும். எண்ணிக்கை பெருகினால் பாதிக் கூட்டம் பழைய ராணியோடு கிளம்பும். புது வீடு தேடும் வழியில் இளைப்பாறுவதுதான் நம் தாழ்வாரத்தில் தொங்குகிறது. காப்பாற்ற அங்கே தேனும் இல்லை, புழுவும் இல்லை. சீண்டாவிட்டால் கொட்டுவது அரிது. பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே போய்விடும்.

"குழந்தைங்க இருக்காங்க, கொட்டிட்டா?" நியாயமான கேள்வி. ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு கொட்டே உயிருக்கு ஆபத்து. மலைத்தேனீ கூடு கட்டினால் கிட்டவே போகக்கூடாது. ஆனால் அகற்றுவது வேறு, கொல்வது வேறு. கூட்டத்தை உயிரோடு பெட்டியில் இறக்கி வேறிடம் கொண்டுபோகத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

எங்கள் புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டம். அங்கே பாகல் கொடி. பாகலில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பூ விரிந்திருப்பது ஒரே நாள். அதற்குள் பூச்சி வந்து மகரந்தம் சேர்க்காவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். அந்தக் காயைத்தான் அம்மா வட்டமாக நறுக்கி, உப்பும் மோரும் சேர்த்து ஊறவைத்து, வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் காயவைத்துவிடப் பறக்கிறார். இலையுதிர் காலம் இல்லாத ஊரிலும் வற்றல் போடும் அவசரம் உண்டு.

தேக்காவுக்குப் போனால் பாக்கெட்டில் கிடைக்குமே? கிடைக்கும். நம் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. அந்தப் பாக்கெட்டுக்குள் இருப்பதும் எங்கோ ஒரு தோட்டத்தில் பூச்சி செய்த வேலைதான். அங்கே உழைக்கும் பூச்சி வேண்டும், இங்கே வந்தால் மருந்தடிப்போம். இதற்கு என்ன பெயர்?

நான் பொறியாளன். எதற்கென்று தெரியாத பாகத்தைக் கழற்றாதே என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். தேனை உவமையாக்கும் நாம், தேனீயை எதற்கென்று தெரியாமலே கழற்றுகிறோம்.

அடுத்த முறை அந்தக் குழுவில் நான் எழுதப்போவது இதுதான்: "ரெண்டு நாள் பொறுங்க. அந்தப் பக்கம் யாரும் போகாம வழியை மறிச்சு வைப்போம். உயிரோட எடுக்கத் தெரிஞ்சவங்களை நான் கூப்பிடுறேன்." நீங்களும் எழுதுங்கள். தேனைப் பற்றிய கவிதையை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.