லேபிளை அட்டவணை எழுதட்டும்

உயர்கல்விக்கூடத்தில் எந்தத் துறையில் படித்தாலும் விளக்கப்படம் வரையாமல் தப்பிக்க முடியாது. பெட்டி, வட்டம், அம்பு என இடுபணிக்கு இரண்டு படமாவது கேட்பார்கள். நாமும் கணினியில் அழகாக வரைகிறோம். பிறகு ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பெயரையும் எண்ணையும் கையால் தட்டச்சு செய்கிறோம். இந்தப் பழக்கத்தை இடைநிலைப்பள்ளியிலேயே விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. பெட்டிக்குள் இருக்கும் எழுத்து ஓர் அட்டவணையிலிருந்து தானாக வர வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்தும் உத்தி என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நான் வளர்ந்த கேமரன் மலையில் ஒரு படத்தில் தவறான பெயர் இருப்பது உயிர் சார்ந்த விஷயமாகவும் ஆகலாம்.

முதலில் தேயிலையையே எடுத்துக்கொள்வோம். சுங்கை பாலாஸ் தேயிலை மையத்துக்குப் போனவர்கள் ஆலையைப் பார்த்திருப்பார்கள். கொழுந்து வருகிறது, வாட்டுதல், உருட்டுதல், நொதித்தல், உலர்த்துதல், தரம் பிரித்தல். ஐந்து பெட்டி, நான்கு அம்பு. பள்ளி மாணவர்கூட பத்து நிமிடத்தில் வரைந்துவிடலாம். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்திலிருந்துதான் ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கிறது. மீதியில் பெரும்பகுதி நீர். ஆகவே முதல் பெட்டியில் 1,000 கிலோ என்று எழுதினால், கடைசிப் பெட்டியில் 200 கிலோ என்று எழுத வேண்டும். மறுநாள் 1,500 கிலோ கொழுந்து வந்தால்? முதல் பெட்டியைத் திருத்துவோம், கடைசிப் பெட்டியை மறப்போம். 1,500 கிலோ உள்ளே போய் 200 கிலோ வெளியே வரும் படம் ஒன்று எங்காவது சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். பார்ப்பவருக்கு அது தவறு என்று தெரியாது. அச்செழுத்தில் இருப்பதை நம்புவது நம் இயல்பு.

அட்டவணையில் எழுதினால் நிலைமை வேறு. எக்செலில் ஒரு கிடைவரிசை ஒரு பெட்டிக்கு. பெயருக்கு ஒரு நெடுவரிசை, எடைக்கு ஒரு நெடுவரிசை. கடைசி வரிசையின் எடை, முதல் வரிசையை ஐந்தால் வகுத்து வரும். படத்தில் உள்ள பெட்டி அந்த வரிசையோடு கட்டப்பட்டிருக்கும். எண் மாறினால் லேபிளும் மாறும். மறப்பதற்கு எதுவும் இல்லை.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. விசியோ என்ற மென்பொருள் 1992-இல் வெளிவந்தது. 2000-இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 2007 பதிப்பிலேயே, ஒரு வடிவத்துக்குள் இருக்கும் தரவை எழுத்தாகவும் பட்டையாகவும் நிறமாகவும் காட்டும் வசதி வந்துவிட்டது. நம்மில் பலருக்கு ஏறக்குறைய அதே வயது. ஆனால் விசியோ இலவசம் இல்லை. எக்செலோடு இணைக்கும் வசதியும் அதன் விலை கூடிய பதிப்பில்தான் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளையிடம் அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

டிரா ஐஓ இலவசம். உலாவியிலும் ஓடும், கணினியில் நிறுவிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். மலையில் தொடர்பு எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அதனால் இது எனக்கு முக்கியம். வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் விசையோடு எம் எழுத்தை அழுத்தினால் ஒரு சிறு சாளரம் திறக்கும். அதில் ஒரு பண்பின் பெயரையும் அதன் மதிப்பையும் எழுதலாம். கீழே 'பிளேஸ்ஹோல்டர்ஸ்' என்ற கட்டத்தில் ஒரு சரிக்குறி போட வேண்டும். பிறகு பெட்டிக்குள், இரண்டு விழுக்காட்டுக் குறிகளுக்கு நடுவே அந்தப் பண்பின் பெயரை எழுதினால் போதும். மதிப்பு அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். பெட்டிகள் நாற்பது, ஐம்பது என்றால் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டாம். சிஎஸ்வி வடிவில் அட்டவணையைக் கொடுத்தால் மென்பொருளே பெட்டிகளை வரைந்து லேபிளும் இட்டுவிடும். எந்த நெடுவரிசை அடையாள எண் என்று சொல்லிவைத்தால், அடுத்த முறை அட்டவணையைக் கொடுக்கும்போது பழைய பெட்டிகளே புதுப்பிக்கப்படும்.

தமிழில் செய்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. எக்செலில் வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். யூடிஎஃப்-8 என்று குறித்திருக்கும் சிஎஸ்வியைத் தேர்ந்தெடுங்கள். நெடுவரிசைகளின் தலைப்பை மட்டும் சிறிய ஆங்கில எழுத்துகளில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நம் சொற்கள் நீளம். ஆங்கிலத்தில் அடங்கும் பெட்டியில் 'தரம் பிரித்தல்' அடங்காமல் இரு பக்கமும் வழியும். வரி மடங்கும் வசதியை முதலிலேயே இயக்கிவிடுங்கள்.

உயிர் சார்ந்த விஷயம் என்றேன். 2013 அக்டோபரில் ஓர் இரவு, கனமழையால் நீர்மட்டம் உயர்ந்து சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது, வீடுகளை அழித்தது. அப்போது நான் தொடக்கப்பள்ளிப் பிள்ளை. மழை என்றால் பெரியவர்கள் முகம் மாறுவதை அதன்பின் பலமுறை பார்த்திருக்கிறேன். ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை சரிவில்தான் வாழ்கிறோம். மண்சரிவு எங்களுக்குச் செய்தி அல்ல, பருவம்.

இப்படிப்பட்ட இடத்தில் பொதுமண்டபங்களிலும் குடியிருப்புகளிலும் அவசர வெளியேற்றப் படம் ஒட்டியிருப்பார்கள். எந்த வரிசை வீட்டார் எந்த வழியில் போக வேண்டும், எங்கே கூட வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று இருக்கும். பெட்டிகளும் அம்புகளும்தான். நான் பார்த்த ஒரு படத்தில் பொறுப்பாளர் என்று போட்டிருந்தவர் பணி ஓய்வு பெற்று, மலையை விட்டே இறங்கிப் போய்விட்டார். அவருடைய எண்ணும் வேறொருவருக்குப் போயிருந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. அந்தப் படத்தின் மூலக்கோப்பு எங்கோ யாருடைய கணினியிலோ கிடக்கும். அதைத் திறந்து, சரியான பெட்டியைத் தேடி, திருத்தி, மறுபடி அச்சிட யாருக்குப் பொழுது இருக்கிறது? பொறுப்பாளர் பட்டியல் ஓர் அட்டவணையாக இருந்திருந்தால், கிராணி ஒரு கட்டத்தைத் திருத்தினால் போதும். படம் வரையத் தெரிய வேண்டியதே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்: படத்தை ஒருவர் வரையலாம், அதை உயிரோடு வைத்திருப்பவர் வேறொருவராக இருக்கலாம்.

அடுத்து மொழி. நான் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்தேன். பிறகு இடைநிலைப்பள்ளியில் எல்லாம் மலாய். பல்கலைக்கழகத்தில் பாதி ஆங்கிலம். ஒளிச்சேர்க்கை ஒரே ஒளிச்சேர்க்கைதான். ஆனால் அதே படத்தை மூன்று முறை, மூன்று மொழியில் மனப்பாடம் செய்தேன். நம்மில் பலருக்கு முதலாம் படிவத்தில் அறிவியல் புரியாமல் போனதற்குக் காரணம் அறிவியல் அல்ல, பெட்டிக்குள் இருந்த எழுத்து. இருமொழித் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்று 2016 முதல் பெரியவர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாதிடட்டும். அதற்கிடையில், ஒரே படத்துக்குப் பின்னால் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று நெடுவரிசை வைத்துவிடலாம். லேபிள் எந்த நெடுவரிசையைக் காட்ட வேண்டும் என்று மாற்றினால் படத்தின் மொழியே மாறும். வடிவம் அப்படியே இருக்கும், கண் அதே இடத்தைப் பார்க்கும், சொல் மட்டும் மாறும். ஆறாம் ஆண்டு முடித்து வரும் தம்பி தங்கைகளுக்கு இதைவிட எளிதான பாலம் எனக்குத் தெரியவில்லை. கல்லூரி மாணவர் சங்கங்கள் விடுமுறையில் நடத்தும் தன்முனைப்பு முகாம்களில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு இதைச் செய்யலாம். இன்று தோட்டங்களில் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் நம்மோடு வேலை செய்கிறார்கள். வெளியேற்றப் படத்துக்கு ஐந்தாறு நெடுவரிசை தேவைப்படும். கையால் எழுதினால் ஐந்தாறு படம். அட்டவணையில் ஒரே படம்.

நெடுவரிசை என்று சொல்லும்போது வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. 1885-இல் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைக் கண்டார். ஆனால் அது அவருடைய வரைபடத்தில் சரியாகக் குறிக்கப்படவில்லை என்றே சொல்லப்படுகிறது. சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் 1925-இல் வந்து பார்த்த பிறகுதான் மலை வளர்ச்சி கண்டது. 1929-இல் ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். வரைபடத்தில் கேமரன் குறிக்காத இடத்துக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. காட்டை வெட்டிச் செடி நட்ட நம்மவர்கள் வைத்த பெயர்களோ எந்தக் கோப்பிலும் இல்லை. அலுவலகத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண். என் பாட்டிக்கு அந்த எண்கள் தெரியாது. கோயில் மேடு, வழுக்குப் பாறை என்றுதான் சொல்வார். தரவிலிருந்து லேபிள் வரும் என்றால், தரவில் இல்லாதது படத்தில் வராது. 'உள்ளூர்ப் பெயர்' என்று ஒரு நெடுவரிசையை யாராவது சேர்த்தால் ஒழிய வழுக்குப் பாறை எந்தத் திரையிலும் தோன்றப்போவதில்லை. அங்கே கால் வழுக்கும் என்ற எச்சரிக்கையும் அந்தப் பெயரோடு போய்விடும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பு. அட்டவணையே தவறாக இருந்தால்? தவறு ஒரு பெட்டியோடு நிற்காது, எல்லாப் படத்திலும் ஒரே நொடியில் பரவும். அதுவும் சீரான எழுத்தில், நம்பத்தக்க முகத்தோடு. உண்மைதான். அதனால்தான் நான் எந்த அட்டவணையிலும் இரண்டு நெடுவரிசை கூடுதலாக வைக்கிறேன்: இந்த விவரத்தை யார் தந்தார், எந்தத் தேதியில் தந்தார். அந்தத் தேதியையும் லேபிளின் அடியில் சிறிய எழுத்தில் காட்டலாம். மூன்றாண்டுப் பழைய தேதி தெரிந்தால் படிப்பவரே சந்தேகப்படுவார். கையால் எழுதிய லேபிளில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை, ஏனென்றால் அதற்கு வயது தெரியாது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். படத்துக்கு மதிப்பெண் போடும்போது நிறத்தையும் நேர்கோட்டையும் மட்டும் பார்க்காதீர்கள். அட்டவணையையும் சேர்த்து ஒப்படைக்கச் சொல்லுங்கள். மாணவர்கள் இந்தப் பள்ளி விடுமுறையிலேயே தொடங்கலாம். உங்கள் தோட்டத்தையோ தாமானையோ எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பெட்டி போதும். எண்ணையும் மலாய்ப் பெயரையும் நீங்களே நிரப்பிவிடுவீர்கள். உள்ளூர்ப் பெயருக்கான நெடுவரிசைக்கு மட்டும் வீட்டில் இருக்கும் பாட்டி தாத்தாவிடம் போய் உட்கார வேண்டியிருக்கும்.