காவலும் துணிவும்

அரிய செயலை முடித்தவரைக் கண்டால், உலகம் முதலில் அவருடைய துணிவையே போற்றுகின்றது. மலையுச்சி ஏறியவரையும், பெருங்கடல் கடந்தவரையும், விண்ணிற் பறந்தவரையும் அஞ்சா நெஞ்சினர் என்று பாராட்டுவது மக்கள் இயல்பு. அப்பாராட்டுத் தவறன்று. ஆயினும், அச்சத்தையே அறியாதிருத்தல்தான் துணிவு என்று கொள்வது பெரும்பிழை. வரக்கூடிய இடரை முன்னரே எண்ணிப் பார்த்து, அதற்குக் காவல் தேடிக்கொண்டு, அதன் பின்னர் அடியெடுத்து வைப்பதே உண்மைத் துணிவாகும். இவ்வுண்மைக்கு ருஷ்ய நாட்டுச் சோயுஸ் விண்கலங்களின் வரலாறு தக்க சான்றாக விளங்குகின்றது.

பூமிக்கு மேல் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றி வருகின்றது. அது மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் விரைந்து, ஒன்றரை மணி நேரத்தில் உலகை ஒருமுறை வலம் வருகின்றது. 2000-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் அங்கு மனிதர் இடையறாது வாழ்ந்து வருகின்றனர். அதில் முதன்முதலாகக் குடிபுகுந்த மூவரையும் ஏற்றிச் சென்றது சோயுஸ் கலமே. அமெரிக்க நாட்டு விண்வெளி ஓடங்கள் 2011-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றன. அதன் பின்னர் 2020-ஆம் ஆண்டு வரை மனிதரை அந்நிலையத்திற்குக் கொண்டு சென்ற ஊர்தி அஃதொன்றே. எனவே, அக்கலத்தின் காவல், பல நாட்டு வீரர்களின் உயிர்க் காவலாக இருந்தது.

2018-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11-ஆம் நாள், கசகஸ்தானத்திலுள்ள பைக்கானூர் ஏவுதளத்திலிருந்து ஒரு சோயுஸ் கலம் புறப்பட்டது. ருஷ்யராகிய அலெக்ஸி ஒவ்சினின் என்பவரும், அமெரிக்கராகிய நிக் ஹேக் என்பவரும் அதில் அமர்ந்திருந்தனர். அக்கலத்தைச் சுமந்து செல்லும் ராக்கெட்டின் பக்கங்களில் நான்கு துணை ராக்கெட்டுகள் உண்டு. ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள் எரிந்தபின் அவை நாற்புறமும் விலகி வீழ்தல் வேண்டும். அன்று மூன்று செவ்வனே விலகின. நான்காவது விலகாமல் நடு ராக்கெட்டின்மீது மோதிற்று. நிலத்திற்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் மேலே, ராக்கெட்டு நிலைகுலைந்தது.

அந்நொடியில் மனிதர் எண்ணிச் செயலாற்றுதற்கு நேரமேது? ஆயினும் கருவிகள் கேட்டினை உடனே உணர்ந்தன. கலத்தைக் காக்கும் பொருட்டு உச்சியில் அமைந்திருந்த கோபுரம், வேலை முடிந்ததென்று சில நொடிகளுக்கு முன்னரே கழற்றி விடப்பட்டிருந்தது. அக்கோபுரம் நீங்கிய பின்னரும் இடர் நேரலாம் என்று எண்ணியவர்கள், கலத்தை மூடிய கவசத்திலும் சிறு ராக்கெட்டுகளைப் பொருத்தி வைத்திருந்தனர். அவை எரிந்து கலத்தைப் பிரித்து இழுத்துச் சென்றன. இறங்கும்போது வீரர் இருவரும் தம் எடையினும் ஆறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்கினர். புறப்பட்ட இருபது நிமிட அளவில், ஜெஸ்கஸ்கான் நகருக்கு அருகே குடை விரித்து ஊறின்றி இறங்கினர்.

இதனை நற்பேறு என்று கூறிவிடுதல் எளிது. ஆயின், அது நற்பேறன்று. பலர் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற அறிவு. 1967-ஆம் ஆண்டில் விளாதிமிர் கொமரோவ் என்னும் வீரர், முதற் சோயுஸ் கலத்தில் திரும்பும்போது குடை விரியாமையால் உயிர் துறந்தார். 1971-ஆம் ஆண்டில், சல்யூத் என்னும் முதல் விண்வெளி நிலையத்தில் தங்கிய தொப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பத்சாயெவ் ஆகிய மூவரும், திரும்பும் வழியில் ஒரு சிறு திறப்பின் வழியே காற்று வெளியேறியமையால் மாண்டனர். மூவர்க்குரிய இடம் நெருக்கமாக இருந்தமையின், அவர்கள் அழுத்தக் காப்புடை அணிந்திலர். அதன் பின்னர் ஏறும்போதும் இறங்கும்போதும் அவ்வுடை அணிதல் கட்டாயமாயிற்று. அதற்கு இடம் வேண்டி, கலம் திருத்தி அமைக்கப்படும் வரை பல ஆண்டுகள் இருவரே அதில் சென்றனர். 1983-ஆம் ஆண்டில் ஏவுதளத்திலேயே ராக்கெட்டு தீப்பற்றியபோது, காவற் கோபுரம் வீரர் இருவரைத் தூக்கிச் சென்று காத்தது. இங்ஙனம் இறந்தாரை மறவாமையும், பிழையை மறையாமையும் சேர்ந்தே அன்று ஒவ்சினினையும் ஹேக்கையும் காத்தன.

2018-ஆம் ஆண்டு விபத்தின் காரணமும் எண்ணிப் பார்க்கத் தக்கது. துணை ராக்கெட்டு பிரிந்தமையை அறிவிக்கும் கருவியொன்றின் சிறு முளை, ஏவுதளத்தில் பகுதிகளைப் பொருத்தியபோது வளைந்துவிட்டது. அதனால், துணை ராக்கெட்டின் மேல்முனையைத் தள்ளி விலக்கவேண்டிய திறப்பு திறக்கவில்லை. பேராற்றல் வாய்ந்த ராக்கெட்டினை ஒரு முளையின் வளைவு வீழ்த்தியது! விண்வெளிப் பயணத்தின் வெற்றி விண்ணிற் செல்வோர் கையில் மட்டும் இல்லை. மண்ணில் நின்று முளையைப் பொருத்துவோர் கையிலும் அது இருக்கின்றது. பெயர் அறியப்படாத அத்தொழிலாளரின் கவனம், பெயர் பெற்ற வீரரின் துணிவுக்குச் சிறிதும் குறைந்ததன்று.

காவலையே பெரிதும் எண்ணினால் முயற்சி தளரும் என்று சிலர் கூறுவர். அவர் கூற்று பொருந்துமா? விபத்தின் காரணத்தை ஆராய்ந்து அறிந்து குறையை நீக்கியபின், முதலில் ஆளில்லாத கலங்களே விடுக்கப்பட்டன. விபத்து நிகழ்ந்த 53-ஆம் நாள், டிசம்பர்த் திங்கள் 3-ஆம் நாளன்று, மூன்று வீரர் சோயுஸ் கலத்தில் ஏறி நிலையத்தை அடைந்தனர். 2019-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், முன்பு நடுவழியில் திரும்பிய ஒவ்சினினும் ஹேக்கும், கிறிஸ்டினா காக் என்னும் பெண்மணியுடன் மீண்டும் புறப்பட்டு, கருதிய இடத்தை அடைந்தனர். காவல் அவர்தம் முயற்சியைத் தடுக்கவில்லை. மறுமுறை முயல்வதற்கு அவர்களை உயிருடன் வைத்திருந்தது. குறையை மூடி மறைத்து விரைந்திருப்பின், அவ்விரைவு மற்றுமோர் அழிவில் முடிந்திருத்தல் கூடும்.

விண்ணுக்குச் செல்லும் வாய்ப்பு மிகச் சிலர்க்கே கிட்டும். ஆயினும் பாலம் கட்டுவோர்க்கும், ஊர்தி ஓட்டுவோர்க்கும், மருந்து கலப்போர்க்கும், மின்கம்பி இழுப்போர்க்கும் இந்நெறி ஒன்றே. சிறு பிழைதானே என்று புறக்கணிப்பவர் பிறர் உயிரோடு விளையாடுபவர் ஆவர். பிழை நேரும் என முன்னறிந்து காத்தலும், நேர்ந்த பிழையை ஒப்புக்கொண்டு திருத்தலும், திருந்தியபின் தயங்காது முன்செல்லுதலும் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில்தான் துணிவு நிலைபெறும். இளமையிலேயே இப்பண்புகளைப் பழகுவோர், எத்தொழிலை மேற்கொண்டாலும் உலகிற்கு அரணாக விளங்குவர்.